ஜாவா, பைத்தான், டாட்நெட், மெர்ன்: குடியாத்தத்திலிருந்து வேலை தேடுபவர் எதைப் படிக்கலாம்?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: ஊர் குடியாத்தம் பக்கம். பள்ளி வரை தமிழ் வழி, வேலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கையில் 8 மாதம் இருக்கிறது, வீட்டில் புரட்டக்கூடிய பணம் 40,000 ரூபாய். ஒரு டிரெய்னிங் சென்டர் ஜாவா ஃபுல் ஸ்டாக் (முன்திரையும் பின்னணியும் சேர்ந்த படிப்பு) என்கிறது, இன்னொன்று பைத்தான் டேட்டா சயின்ஸ் என்கிறது, மாமா மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்கிறார், கூடப் படித்தவர் மெர்ன் (ஜாவாஸ்கிரிப்டைச் சுற்றிய கருவித் தொகுப்பு) என்கிறார். எதைப் படித்தால் வேலை கிடைக்கும்? தமிழ் வழியில் படித்தது தடையாகுமா? மொழிகளை மட்டும் பார்த்தால் இந்த நாலிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் உண்மையில் கேட்பது, இந்த 8 மாதத்தையும் பணத்தையும் எதில் போட்டால், காட்பாடியில் ரயில் ஏறிப் போய்வரக்கூடிய சென்னையிலோ பெங்களூரிலோ முதல் வேலைக்கு இன்டர்வியூ வரை போக முடியும் என்பதைத்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாவா, அதன்மேல் ஸ்பிரிங் பூட் என்ற ஃப்ரேம்வொர்க் (மொழியின்மேல் கட்டிவைத்த ஆயத்தச் சட்டகம்), கூடவே போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், கடைசியில் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். இதற்கு இரண்டு விதிவிலக்கு உண்டு. லேப்டாப்பில் ராம் 4 ஜிபிதான் என்றால் கணக்கு மாறும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தை விட்டு நகர முடியாத வீட்டுச் சூழல் என்றாலும் மாறும். இரண்டையும் கீழே எழுதுகிறேன்.

பிளாட்ஃபார்ம் என்று பேசும்போது பலரும் மொழியை மட்டும் நினைக்கிறார்கள். கம்பெனி சம்பளம் கொடுப்பது மொழி, அதன் ஃப்ரேம்வொர்க், ஒரு டேட்டாபேஸ், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், லினக்ஸ் கட்டளைகள் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டைக்கு. இந்த மூட்டையில் சில சரக்கு சீக்கிரம் கெட்டுப்போகும், சில சரக்கு நாள்பட்டாலும் கெடாது. பிரவுசரில் படம், விளையாட்டு ஓட்டிய ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் 2021ல் முடிந்தது. ஆங்குலர்ஜேஎஸ் என்ற பழைய ஆங்குலருக்கும் அதே கதிதான். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ல் நின்றது. ஆனால் எட்கர் காட் 1970ல் எழுதிய, தரவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் முறையும், அதிலிருந்து பிறந்த எஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியும் இன்றும் எல்லா வங்கியிலும் ஓடுகின்றன. 2005ல் வந்த கிட் இன்னும் அசையவில்லை. ஆகவே நாலில் எதை எடுத்தாலும், படிக்கும் நேரத்தில் பாதியாவது கெடாத சரக்குக்குப் போகவேண்டும். இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவதில் என் கணிப்பும் கலந்திருக்கும்.

ஜாவாவைச் சொல்வதற்குக் காரணம் அதன் அழகு இல்லை. 1995ல் வந்ததிலிருந்து வங்கி, இன்ஷூரன்ஸ், டெலிகாம் என்று பெரிய கணக்கு வழக்கு உள்ள இடங்களெல்லாம் ஜாவாவில் கட்டப்பட்டன. அந்தக் கோடை (எழுதிய நிரலை) பராமரிக்கும் வேலைதான் சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் சர்வீஸ் கம்பெனிகளுக்குப் பெரிய பிழைப்பு. ஃப்ரெஷர்களை (அனுபவமில்லாத புதியவர்களை) மொத்தமாக எடுப்பதும் அவர்கள்தான். அதோடு, ஜாவாவில் ஒவ்வொன்றுக்கும் வகை எழுத வேண்டியிருப்பதால், முதல் மொழியாகப் படிப்பவருக்குத் தப்பு எங்கே என்று கம்பைலரே சொல்லிவிடும். சள்ளை பிடித்த வேலைதான், ஆனால் கற்றுக்கொடுக்கும்.

பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். ஜாவா 8 வந்தது 2014ல். நீண்டகால ஆதரவு உள்ள பதிப்புகளில் 17 வந்தது 2021ல், 21 வந்தது 2023ல். ஸ்பிரிங் பூட் 3க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். இன்னும் ஆப்லெட், ஸ்விங், ஸ்ட்ரட்ஸ் என்று பழைய ஜாவாவையே நோட்டில் எழுதவைக்கும் சென்டர்கள் உண்டு. அங்கே பணம் கட்டாதீர்கள். யூடியூபிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பிரிங் பூட் 2 காலத்து வீடியோவைப் பார்த்து ஸ்பிரிங் பூட் 3ல் கோடு அடித்தால், டேட்டாபேஸ் பகுதியின் இம்போர்ட் வரிகள் எல்லாம் சிவப்பாக நிற்கும். ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய அந்தப் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டதுதான் காரணம். புதிதாகப் படிப்பவர் இதில் இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டு, நமக்கு இது வராது என்று முடிவுகட்டிவிடுவார். வீடியோ எந்தப் பதிப்புக்கு எடுத்தது என்று பார்த்துவிட்டுத் தொடங்கினால் இந்த வம்பே இல்லை.

மாமா சொன்ன டாட்நெட்டை ஒதுக்க வேண்டியதில்லை. அவர் மனதில் இருப்பது விண்டோஸில் மட்டும் ஓடிய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் ஆக இருக்கலாம். அது 4.8 வரிசையோடு நின்றுவிட்டது. 2016ல் வந்த டாட்நெட் கோர், பிறகு வெறும் டாட்நெட் என்று பெயர் மாறி, இன்று லினக்ஸிலும் ஓடும் ஓப்பன் சோர்ஸ் தளம். டாட்நெட்டின் மொழியான சி ஷார்ப் ஜாவாவைவிடச் சுத்தமான மொழி என்பது என் அபிப்பிராயம். ஊரைவிட்டு நகர முடியாதவருக்கு ஜாவாவைவிட இதைத்தான் சொல்வேன். ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனி, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்சாலை, வேலூர் ஆஸ்பத்திரி, மருந்துக்கடை இவற்றுக்கு பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ்களில் சி ஷார்ப்பும் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸும் அதிகம் புழங்கும். அங்கே எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பைப் போட்டுவிட்டு, சில வருடத்தில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி என்ற வரம்பில் முட்டி, மாதக் கடைசியில் பில் போடாமல் நிற்பது வழக்கமான கூத்து. 2022 பதிப்பு வரை அந்த வரம்பு அப்படியேதான். இதே வட்டாரத்தில் டேலிக்கு நீட்சி எழுதும் டிடிஎல் என்ற மொழிக்கும் வேலை உண்டு. யாரும் இதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கணக்குத் தெரிந்தவர் கையில் அது காசு. ஒரே சங்கடம், சின்ன ஆபீஸில் சம்பளம் குறைவாகத் தொடங்கும், உங்கள் கோடைப் பார்த்துத் திருத்த மூத்தவர் இருக்க மாட்டார்.

பைத்தான் படிக்க இலகுவானது, எனக்கும் பிடித்தமானது. நான் தயங்குவது அதோடு ஒட்டவைக்கும் டேட்டா சயின்ஸ் என்ற சொல்லைப் பார்த்துத்தான். அந்தப் பெயரில் வரும் வேலைக்கு முதுகலைப் படிப்போ, புள்ளியியலில் நல்ல பிடிப்போ கேட்பார்கள். 3 மாத கோர்ஸில் ரெடிமேட் நோட்புக்கை (கோடும் விடையும் சேர்ந்த கோப்பை) ஓட்டிப் பார்த்தவர், மாடல் ஏன் அந்த விடையைத் தந்தது என்ற முதல் கேள்வியிலேயே தடுமாறுவார். எம்.எஸ்சி. புள்ளியியல் போகும் எண்ணம் இருந்தால் பைத்தான் சரியான தேர்வு. இல்லையென்றால் அது இரண்டாவது கருவியாக இருக்கட்டும். டெஸ்ட்டிங் ஆட்டோமேஷனுக்கும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுக்கும் அதைப்போல வேறு இல்லை.

மெர்ன் என்பது மாங்கோ என்ற டேட்டாபேஸும், எக்ஸ்பிரஸ், ரியாக்ட், நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளும். பெங்களூர் ஸ்டார்ட்டப்களுக்கு ஏற்றது, சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது செய்துகாட்டலாம். குறை என்னவென்றால், முதலிலேயே மாங்கோவில் பழகியவர் ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது), டிரான்சாக்ஷன் (பல மாற்றங்களை ஒன்றாக முடிப்பது) தெரியாமலே ஒரு வருடம் ஓட்டிவிடுகிறார், இன்டர்வியூவில் எஸ்கியூஎல் கேட்டால் விழிக்கிறார். அந்த வழிதான் போவேன் என்றால் மாங்கோவை எடுத்துவிட்டு போஸ்ட்கிரெஸ் வையுங்கள். பிஎச்பி, ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டு கோட்லின் எல்லாவற்றிலும் வேலை உண்டு, முதல் வேலைக்கான வாசல்தான் குறுகலானது. எஸ்ஏபி என்ற பெருநிறுவன மேலாண்மை சாஃப்ட்வேரின் கோர்ஸுக்குப் பெரிய தொகை கட்டச் சொன்னால் வேண்டாம். அனுபவம் இல்லாதவரை அதில் நேரடியாக எடுப்பது அபூர்வம். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் மேலாண்மைத் தளத்தின் மேல் ஆசை இருந்தால் அதன் டெவலப்பர் பதிப்பும் டிரெயில்ஹெட் பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்போது லேப்டாப். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் ஜாவா எழுதும் கருவியான இன்டெல்லிஜேயின் இலவசப் பதிப்பு, போஸ்ட்கிரெஸ், பிரவுசர் மூன்றும் ஓடும். 4 ஜிபியில் இன்டெல்லிஜே மூச்சு முட்டும், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ நினைத்தே பார்க்க வேண்டாம். அதில் விஎஸ் கோடும் பைத்தானும் அல்லது நோடும் தாங்கும். ஆனால் அதற்காகப் பாதையை மாற்றுவதைவிட, டிரெய்னிங்குக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவது புத்திசாலித்தனம். ராம் போர்டிலேயே பற்றவைத்த மாடலா என்று முதலில் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பற்றவைத்தது என்றால் கூட்ட முடியாது.

8 மாதத்தை நான் பிரிப்பது இப்படி. முதல் 6 வாரம் வெறும் ஜாவா: கிளாஸ், கலெக்ஷன், எக்ஸெப்ஷன், ஃபைல். ஸ்பிரிங் பக்கமே போகக்கூடாது. இரண்டாவது வாரத்திலேயே ஸ்பிரிங்குக்குத் தாவியவர்கள், எந்த அனோட்டேஷன் (@ போட்டு எழுதும் குறிப்பு) என்ன செய்கிறது என்று தெரியாமல் மந்திரம்போல எழுதிக்கொண்டிருப்பார்கள். அடுத்த 4 வாரம் எஸ்கியூஎல். பிறகு 8 வாரம் ஸ்பிரிங் பூட், 3 வாரம் எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும். மீதி இருக்கும் 3 மாதம் ஒரே ஒரு புராஜெக்டுக்கும் தேர்வுகளுக்கும். முதல் நாளிலிருந்தே தினம் முக்கால் மணி நேரம் அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப் கணக்குகளைப் போட்டுக்கொண்டே வரவேண்டும். சர்வீஸ் கம்பெனிகளின் ஆன்லைன் தேர்வு ஃப்ரேம்வொர்க்கைக் கேட்காது, இதையும் ஆப்டிட்யூடையும்தான் கேட்கும். சில சென்னை நிறுவனங்கள் சி நிரலைக் கொடுத்து அவுட்புட் என்ன என்று கேட்பதால், கல்லூரி சி புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.

புராஜெக்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வாவது இங்கேதான். லைப்ரரி மேனேஜ்மென்ட், ஸ்டூடன்ட் மேனேஜ்மென்ட் எல்லாம் இன்டர்வியூ எடுப்பவர் பார்த்துப் பார்த்துச் சலித்தவை. வேலூர்க்காரருக்குக் கண்ணெதிரே ஒரு நல்ல புராஜெக்ட் இருக்கிறது: சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள லாட்ஜ். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், டாக்டர் தேதி தள்ளிப்போனால் ரூமை நீட்டிப்பார்கள், 24 மணி நேரக் கணக்கு. இதற்கு ரூம் புக்கிங்கும் பில்லும் எழுதப் போனால், பாடப்புத்தகத்தில் வராத சிக்கல் எல்லாம் வரிசையாக வரும்.

ஒரே ரூமை கவுண்டரில் ஒருவரும் போனில் எடுத்த இன்னொருவரும் ஒரே நொடியில் புக் செய்தால் என்ன ஆகும்? புதியவர்கள் எழுதும் கோடு, ரூம் காலியா என்று முதலில் பார்க்கும், பிறகு எழுதும். இரண்டு பேருமே காலி என்று பார்த்துவிட்டு இரண்டு பேருமே எழுதிவிடுவார்கள். எவ்வளவு இஃப் போட்டாலும் இது தீராது, டேட்டாபேஸ் தடுத்தால்தான் உண்டு. தேதி மோதுகிறதா என்பதற்கு விதி இது: புதிய தொடக்கம் பழைய முடிவுக்கு முன்னால் இருந்து, புதிய முடிவு பழைய தொடக்கத்துக்குப் பின்னால் இருந்தால் மோதல். போஸ்ட்கிரெஸில் இதை எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (மோதும் பதிவை மறுக்கும் விதி) என்ற ஒன்றாக எழுதிவிடலாம். ரூம் எண்ணையும் சேர்த்துப் பார்க்க பிட்ரீ ஜிஸ்ட் என்ற நீட்சியை ஏற்ற வேண்டும். நேர இடைவெளியின் முடிவை உள்ளே சேர்க்காமல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலை 10 மணிக்குக் காலி செய்பவரும் 10 மணிக்கு வருபவரும் மோதுகிறார்கள் என்று புக்கிங் மறுக்கப்படும். இந்த ஒரு விஷயத்தை வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கத் தெரிந்த ஃப்ரெஷர் கூட்டத்தில் தனியாகத் தெரிவார்.

பில்லில் அடுத்த பாடம். கம்ப்யூட்டரின் மிதவைப் புள்ளிக் கணக்கில் 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இதே கதைதான். காசுக்கு ஜாவாவில் பிக்டெசிமல், சி ஷார்ப்பில் டெசிமல் பயன்படுத்துங்கள், அல்லது எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ஜிஎஸ்டி விகிதத்தைக் கோடுக்குள் எழுதாதீர்கள். தினம் 1,000 ரூபாய் வரையிலான அறைக்கு இருந்த விலக்கு 2022 ஜூலை 18ல் போய் 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பர் 22ல் அது 5 ஆனது. எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்று ஒரு டேபிளில் வைத்தால்தான், பழைய பில்லைத் திரும்ப அச்சிடும்போது பழைய வரியே வரும்.

மொபைல் எண்ணை எண்ணாகச் சேமிப்பது இன்னொரு தப்பு. ஜாவாவின் இன்ட் என்ற முழு எண் வகை 214,74,83,647 வரைதான் தாங்கும். 6ல் தொடங்கும் பத்து இலக்க எண்கூட அதைத் தாண்டிவிடும், ப்ரோகிராம் எக்ஸெப்ஷன் அடித்து நிற்கும். அது எண்ணே இல்லை, ஸ்ட்ரிங்தான். யாரும் மொபைல் எண்களைக் கூட்டிப் பார்ப்பதில்லையே. கிளவுடில் ஏற்றிய பிறகு நேரத்தில் ஒரு கூத்து நடக்கும். சர்வர் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நள்ளிரவு முதல் காலை 5.30 வரை போடும் பில்லில் எல்லாம் நேற்றைய தேதி விழும். காட்பாடியில் விடிகாலை வண்டியில் இறங்கி நேராக லாட்ஜுக்கு வருகிறவர்கள் இருக்கும் ஊரில் இது முதல் வாரமே மாட்டிக்கொள்ளும்.

பணம் கட்டும் முன் டிரெய்னிங் சென்டரில் கேட்க வேண்டியவை: ஜாவா எந்தப் பதிப்பு, ஸ்பிரிங் பூட் எந்தப் பதிப்பு, கிட் உண்டா, கோடு அடிப்பது நானா டிரெய்னரா, தவணை உண்டா. ஒரு டெமோ வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். டிரெய்னர் எர்ரர் வந்தபோது எப்படித் தேடுகிறார் என்று கவனித்தால் போதும், மீதி தெரிந்துவிடும். நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்பதற்குப் பல இடங்களில் அர்த்தம், வாக்-இன் நடக்கும் முகவரியை வாட்ஸாப்பில் அனுப்புவதுதான். சென்டர் இல்லாமலும் படிக்க முடியும். ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடிஇஎல்லில் ஐஐடி காரக்பூரின் ஜாவா பாடம் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே ஜாவா, பைத்தான் உண்டு. கல்லூரி வழியாகத் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஏதாவது கோர்ஸ் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். தனியாக உட்கார்ந்தால் பத்து நாளில் விட்டுவிடுவேன் என்பவருக்கு மட்டும் சென்டர் தேவை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலைக்குப் பணம் கேட்பவர், பேக்டோர் (புறவாசல் வழி வேலை) என்பவர், இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் தயார் செய்து தருகிறேன் என்பவர் மூவரையும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணில் எந்தக் கம்பெனியில் எப்போது இருந்தீர்கள் என்பது வந்துவிடும். சரிபார்ப்பில் பொய் தெரிந்தால் கிடைத்த வேலையும் போகும்.

சந்தேகத்துக்கு உரிய பகுதி ஏஐ. கோடு எழுதும் கருவிகள் ஃப்ரெஷர் வேலையை எவ்வளவு குறைக்கும் என்பதில் ஆளுக்கொரு ஆரூடம் சொல்கிறார்கள். யார் சொல்வதையும் நம்பி 8 மாதத்தைப் பணயம் வைக்க மாட்டேன். மேலே சொன்ன லாட்ஜ் கோடை அந்தக் கருவிகள் பத்து நிமிடத்தில் எழுதித் தரும், ஆனால் இரட்டை புக்கிங் ஓட்டையோடும் தரக்கூடும். அதைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டுமென்றால், முதல் 3 மாதம் அவற்றை விளக்கம் கேட்க மட்டும் வைத்துக்கொண்டு கோடைக் கையால் அடியுங்கள். வேலை நிலவரத்திலும் என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் சென்னை, பெங்களூர், 0 முதல் 1 வருடம் என்று போட்டு 40 விளம்பரம் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரே விளம்பரத்தைப் பல கன்சல்டன்சி போட்டிருக்கும், அதை ஒன்றாகவே எண்ணவேண்டும். எண்ணிப் பார்த்ததில் டாட்நெட் முந்தினால் மாமா சொன்னதைக் கேளுங்கள்.

கடைசியாக, தமிழ் வழியில் படித்தது தடையா என்று கேட்டிருந்தீர்கள். கோடுக்குத் தடையில்லை. இன்டர்வியூவில் உங்கள் புராஜெக்டை 4 நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும். அதை எழுதி, போனில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தலாம். தினசரி தேவைப்படும் ஆங்கிலம் எர்ரர் படிப்பது. ஸ்பிரிங் ஒரு எர்ரருக்கு நூறு வரி கக்கும், அதைப் பார்த்து மிரண்டு மூடிவிடுகிறார்கள். மேலே இருக்கும் முதல் வரியைப் படியுங்கள். பிறகு நேராகக் கீழே போய், 'காஸ்ட் பை' (Caused by) என்று தொடங்கும் கடைசி வரியைப் பிடியுங்கள், உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் பேக்கேஜ் பெயரோடு வரும் முதல் வரியில், உங்கள் ஃபைலின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். மீதி எல்லாம் ஸ்பிரிங்கின் உள் விவகாரம், அதைப் படிக்க வேண்டியதில்லை.